முறிமருந்து: டப்பா வேண்டும், பாம்பு வேண்டாம்

உடலுக்குள் நஞ்சு செய்யும் வேலையை முறிப்பது முறிமருந்து. விஷமுறிவு, நச்சுமுறி என்பதும் இதுவே. எல்லா நஞ்சுக்கும் பொதுவான முறிமருந்து கிடையாது. சிலவற்றுக்கு முறிமருந்தே இல்லை.

மஞ்சள் காட்டில் மருந்தடிக்கும்போது எச்சில் ஒழுகி, வேர்த்து, கண்பாவை சுருங்கினால் பூச்சிமருந்து உடம்பில் ஏறிவிட்டது. கொங்குப் பக்கம் அதை வெறுமனே 'மருந்து' என்போம். ஆஸ்பத்திரியில் "மருந்து பட்டுருச்சுங்க" என்றால் டாக்டருக்கு விளங்காது. கம்பெனிப் பெயரும் போதாது. லேபிளில் பொடி எழுத்தில் உள்ள வேதிப்பெயர்தான் தேவை, டப்பாவையே கொண்டு போங்கள். மோனோகுரோட்டோபாஸ், புரோபெனோபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் வகையென்றால் அட்ரோபின் ஊசி. நெஞ்சில் சேர்ந்த நீர் வற்றும்வரை அளவைக் கூட்டுவார்கள். பைரித்ராய்டு வகைக்குத் தனி முறிமருந்து இல்லை. 108 வருவதற்குள் துணியைக் களைந்து, தலைமுடி உட்பட உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கழுவுகிறவர் கையுறை போடவேண்டும். வாய்க்குள் போயிருந்தாலும் உப்புத்தண்ணி, சாணிக்கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அரைமயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போய்விடும்.

பாம்புக்கடியில் நேர்மாறு: பாம்பைத் தேடவே வேண்டாம். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே முறிமருந்துதான். ஆனைமலை, வால்பாறைப் பக்கத்துக் குழிவிரியன்களுக்கு அது கேட்காது. ஒரு குப்பி பொடியை 10 மி.லி. நீரில் கரைத்து, தொடக்கத்தில் 8 முதல் 10 குப்பி வரை டிரிப்ஸில் ஏற்றுவார்கள். பாம்பு செலுத்தும் விஷம் ஆளின் எடை பார்ப்பதில்லை, அதனால் குழந்தைக்கும் அதே அளவு. குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பது என்பதால் ஒவ்வாமை வரலாம். அட்ரினலின் ஊசி தயாராக இருக்கும் ஆஸ்பத்திரியில்தான் போடவேண்டும். விரியன் கடி என்று சந்தேகம் வந்தால் 2 மி.லி. ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாமல் வைப்பார்கள். உறையாவிட்டால் விஷம் ஏறியிருக்கிறது.

கடிபட்ட காலைக் கயிற்றால் இறுக்காதீர்கள். ரத்த ஓட்டம் நின்று சதை அழுகிவிடும். கீறவோ உறிஞ்சவோ கூடாது. மெட்டி, மோதிரம், கொலுசைக் கழற்றி, குச்சி வைத்துத் தளர்வாகக் கட்டி, நடக்க விடாமல் தூக்கிச் செல்லுங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் வலியோ வீக்கமோ இருக்காது. தோட்டத்துச் சாளையில் (குடிசை வீட்டில்) தரையில் படுத்தவர் விடியற்காலை வயிற்றுவலியோடு எழுந்து, கண்ணிமை தொங்கினால், பல் தடம் தேடி நேரத்தைக் கழிக்காமல் உடனே கிளம்புங்கள்.