சர்க்கரை உள்ளவர்கள் கண் விஷயத்தில் செய்யக் கூடாத தவறுகள்

"கண் தெளிவாத்தானே தெரியுது, அப்புறம் எதுக்குக் கண் டாக்டர்?" மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கம் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் பலர் இப்படித்தான் கேட்கிறார்கள். விழித்திரை கெட்டுக்கொண்டிருக்கும்போதே பார்வை நன்றாக இருக்கலாம். கண்ணாடிக் கடையில் பவர் பார்த்தால் இது தெரியாது. வருஷம் ஒருமுறையாவது சொட்டு மருந்து விட்டு, கண் பாப்பாவை விரியவைத்து உள்ளே பார்க்க வேண்டும்.

பல வருஷச் சர்க்கரை விழித்திரையின் நுண்குழாய்களை அடைத்துவிடுகிறது. தண்ணீர் எட்டாத கடைமடை வயலாக அந்த இடம் ஆக்ஸிஜனுக்குத் தவிக்கிறது. ஆக்ஸிஜன் போதிய அளவு இருந்தால் ஹெச்ஐஎஃப் என்ற புரதம் உடனுக்குடன் சிதைந்துவிடும்; குறைந்தால் சிதையாமல் சேர்ந்துவிடும். செல்கள் ஆக்ஸிஜனை உணரும் இந்த விதத்தைக் கண்டறிந்ததற்குத்தான் கேலின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் 2019-இல் மருத்துவ நோபல். சேர்ந்த ஹெச்ஐஎஃப், விஇஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியைச் சுரக்க வைக்கிறது. அதன் தூண்டுதலில் புது ரத்தக் குழாய்கள் முளைக்கின்றன.

புதுக் குழாய் என்றால் நல்லதுதானே என்று நினைத்துவிடாதீர்கள். தவிக்கிற இடத்துக்கு அவற்றால் பயனில்லை. விழித்திரையின் மேலே படர்ந்து, சுவர் பலமில்லாமல் உடைந்து ரத்தம் கசியும். திடீரென்று கண்முன் கறுப்பாக நூல் நூலாக மிதந்தால் அன்றைக்கே காட்டுங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, இந்தக் குழாய்களை அடக்கக் கண்ணுக்குள் போடும் ஊசியைப் பாதியில் விடுவது. பெவாசிஸுமாப், ரானிபிஸுமாப் போன்ற மருந்துகள் கண்ணுக்குள் இருக்கிற விஇஜிஎஃபைப் பிடித்து முடக்கும்; சுரப்பதை நிறுத்தாது. சில வாரங்களில் மருந்தின் வேகம் குறைந்துவிடும், சுரப்பு தொடரும். பார்வை தேறிவிட்டது, சம்பா நடவு முடியட்டும் என்று தவணையைத் தள்ளினால் குழாய்கள் மறுபடி கிளம்பும். விழித்திரையை இழுத்துப் பிரித்தும் விடலாம். வேலை நாளில் வர முடியாது என்றால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், வெட்கப்பட எதுவுமில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு லேசர் பொருத்தமாக இருக்கலாம். அது ஓரத்து விழித்திரையைச் சுட்டு ஆக்ஸிஜன் தேவையையே குறைப்பதால் சுரப்பு அடங்கும்.

ஊசிக்குப் பயந்து போகாதவர்களும் உண்டு. கண்ணை மரத்துப்போக வைத்துத்தான் போடுவார்கள். கருவிழியில் இல்லை, பக்கத்து வெள்ளைப் பகுதியில். போட்ட பிறகு டாக்டர் சொல்லும்வரை ஆற்றிலும் வாய்க்காலிலும் முங்கக் கூடாது, கண்ணைக் கசக்கக் கூடாது. வலி கூடினாலோ பார்வை மங்கினாலோ விடியட்டும் என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கண்ணுக்குள் கிருமி பரவினால் சில மணி நேரத்திலேயே பார்வை போய்விடலாம்.