பொடியனை வெளிநாட்டுக் கழகத்துக்கு அனுப்ப முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் புதிதாக உதைபந்தாட்டப் பயிற்சி கொடுக்க இறங்கும் தம்பிமார், கெட்டிக்காரப் பொடியன் ஒருவனைக் கண்டதும் அவனை எப்படியாவது வெளிநாட்டுக் கழகத்தில் சேர்த்துவிட ஓடத் தொடங்குகிறார்கள். ஆசை சரி. ஓடும் வழிதான் பிழை. நாங்களும் ஒரு காலத்தில் அதே வழியில்தான் ஓடினோம். ஏஜென்டுக்கு முற்பணம் கொடுக்காதே, சுற்றுலா விசாவில் போய் ஆடாதே என்பதெல்லாம் இப்போது எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

இங்கிலாந்தில் தொடங்குவது

இங்கிலாந்துக் கழகம் ஒன்று வெளிநாட்டு வீரரை எடுப்பதற்குப் புள்ளி முறை இருக்கிறது. தேசிய அணிக்கு ஆடியதற்கு நல்ல புள்ளி கிடைக்க, அந்த நாடு உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான ஃபிஃபாவின் தரவரிசையில் முன்னுக்கு இருக்க வேண்டும். இலங்கை இருநூறை ஒட்டி நிற்கிறது. ஆகவே முதல் மின்னஞ்சலை அங்கே அனுப்பிப் பயனில்லை.

ஆசியாவின் பெரிய வீரர்கள் பலர் படிப்படியாகத்தான் ஏறினார்கள். தென்கொரியாவின் பார்க் ஜி-சுங் 2000இல் ஜப்பானின் கியோட்டோ, 2003இல் நெதர்லாந்தின் பிஎஸ்வி, 2005இல்தான் மான்செஸ்டர் யுனைட்டட். ஷிஞ்சி ககாவா ஜப்பானின் இரண்டாம் பிரிவில் ஆடி வளர்ந்தவர். 2010இல் வெறும் 350,000 யூரோவுக்கு ஜெர்மனியின் டோர்ட்மண்ட் கழகத்துக்குப் போனார். அடுத்தடுத்து இரண்டு பருவம் அந்தக் கழகம் ஜெர்மன் சாம்பியன். எங்களுக்குக் கிட்டிய படி மாலைதீவு. இலங்கைக் கோல்காப்பாளர் சுஜான் பெரேரா அங்கே ஆடியவர்.

18 வயதுக்கு முன் ஒப்பந்தம் பேசுவது

பெற்றோர் வேறு காரணத்துக்காகக் குடிபெயர்வது போன்ற சில விலக்குகளைத் தவிர, நாடு மாறி ஆட ஃபிஃபா விடாது. பொறுங்கள்.

பெயரையும் வயதையும் மாற்றி இறக்குவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

17 வயதுக்குட்பட்டோர் சுற்றுப்போட்டி வந்தால் 19 வயதுப் பொடியனுக்கு இரண்டு வயதைக் குறைத்துப் பதிகிறார்கள். பணப்பரிசு மச் என்றால் வேறொருவனின் பெயரில் இறக்குகிறார்கள். "ஒரு மச் தானே அண்ணன்" என்பார்கள். ஆனால் வீரர் ஒருவர் நாடு மாறும்போது, பழைய நாட்டுச் சம்மேளனம் புதிய நாட்டுச் சம்மேளனத்துக்கு சர்வதேச மாற்றுச் சான்றிதழ் அனுப்ப வேண்டும். அது ஃபிஃபாவின் இணைய முறை வழியாகப் போகிறது. பெயர், பிறந்த திகதி, ஆடிய கழகம் எல்லாம் கடவுச்சீட்டோடு பொருந்த வேண்டும்.

மூதூர்ப் பக்கத்துப் பொடியன் ஒருவன், இடது விங். பந்தை வாங்கித் திரும்பும் வேகத்தைப் பார்க்க மக்கெய்சர் அரங்கில் ஆட்கள் எழுந்து நிற்பார்கள். மாலைதீவுக் கழகம் ஒன்று அவனைக் கேட்டது. சம்மேளனப் பதிவில் ஒரு வயது, கடவுச்சீட்டில் இன்னொரு வயது. தாய் பிறப்புப் பத்திரத்தையும் கிராம சேவகரின் கடிதத்தையும் தூக்கிக்கொண்டு அலைந்தார். "சேர், என்ட பிள்ளை என்ன பிழை செய்தவன்?" என்று என்னிடம் கேட்டார். பதிவுக்காலம் முடிந்தது, அந்தக் கழகம் வேறொருவரை எடுத்துக்கொண்டது. வயதைக் குறைத்துப் பதிந்தவர்களின் அலுமாரியில் ஒரு கிண்ணம் இருக்கிறது. அவன் இப்போது மச் ஆடுவதில்லை.

இன்னொரு அநியாயமும் இதில் உண்டு. வயது கூடியவன் உடம்பால் வெல்லும்போது, உண்மையாகவே 15 வயதான, மெலிந்த, பந்து தெரிந்த பொடியன் வெளியே குந்தியிருக்கிறான். பார்க் ஜி-சுங்கையும் சின்ன வயதில் உடம்பு போதாது என்று கழித்தவர்கள் இருந்தார்கள். அப்படிப்பட்டவனை நாங்களே மறைத்துவிட்டு, எங்கள் திறமையை உலகம் காணவில்லை என்று சொல்வதில் நியாயம் என்ன?

கழகத்துக்கும் இதில் நட்டம். வீரர் ஒருவர் ஒப்பந்தக் காலத்துக்குள் பணத்துக்கு விற்கப்பட்டால், அதில் 5 சதவீதம் அவரை 12 வயது முதல் 23 வரை வளர்த்த கழகங்களுக்குப் பிரியும். பதிவு ஒழுங்காக இல்லாத கழகம் எதை வைத்துக் கேட்கும்? 12 வயதிலேயே பதியுங்கள். பிறப்புப் பத்திரத்தின் பிரதியை வைத்திருங்கள். ஆங்கிலத்தில் பெயரை எழுதும்போது எல்லாப் படிவத்திலும் ஒரே எழுத்துகள் வரட்டும். தகப்பன் பெயரை ஓரிடத்தில் முன்னுக்கும் இன்னோரிடத்தில் பின்னுக்கும் போட்டால், அப்புறம் அதைத் திருத்த மாதக்கணக்கில் அலைய வேண்டும்.

வீடியோ

பாட்டுப் போட்டு வெட்டிய கோல்கள் போதாது. முழு மச்சையும் உயரத்திலிருந்து எடுத்து அனுப்புங்கள். தோற்ற மச்சும் வேண்டும்.

சம்மேளனச் செய்தியைக் கவனிக்காமல் விடுவது

2023 ஜனவரியில் ஃபிஃபா இலங்கையை இடைநிறுத்தியது. ஓகஸ்ட் வரை எங்கள் அணிகள் சர்வதேசப் போட்டியில் இறங்க முடியவில்லை.

வாசிக்காமல் கையெழுத்து

வேலை அனுமதி கிடைத்தால் அல்லது மருத்துவப் பரிசோதனையில் தேறினால் மட்டுமே ஒப்பந்தம் செல்லும் என்று எழுத ஃபிஃபா விதி இடம் கொடுப்பதில்லை. அப்படி ஒரு வரி இருந்தால் கையெழுத்துப் போட முன் அதை எடுக்கச் சொல்லுங்கள்.