புதிய தொழில்நுட்பங்களின் நன்மை தீமையை விவாதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘செயற்கை நுண்ணறிவு வரமா, சாபமா?’ என்று தலைப்பு வைத்த உடனேயே பாதி விவாதம் கெட்டுவிடுகிறது. இரண்டு அணி பிரிந்து நிற்கும். ஆளுக்கொரு பட்டியல் வாசிக்கும். கடைசியில் ‘எல்லாம் நாம் பயன்படுத்தும் விதத்தில்தான் இருக்கிறது’ என்று ஒருவர் முடித்துவைப்பார், கைதட்டல் கிடைக்கும். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் பேச்சு தொடங்க வேண்டிய இடமே அதுதான். எந்தப் பயன்பாடு? யார் கையில்? பலன் யாருக்கு, பாதிப்பு யாருக்கு? இப்போது இருக்கிற எதற்குப் பதிலாக இது வருகிறது? இவற்றைக் கேட்காமல் வாதம் செய்தால், இரண்டு பக்கமும் சரியாகப் பேசியும் ஒன்றும் தெளியாது.

மொத்தமாகத் தீர்ப்பு எழுதுவது

தாலிடோமைடு என்ற மருந்து 1957-ல் மேற்கு ஜெர்மனியில் தூக்கத்துக்காக விற்பனைக்கு வந்தது. பல நாடுகளில் கர்ப்பிணிகள் மசக்கைக்கும் அதைச் சாப்பிட்டார்கள். விளைவாக, கை கால் வளராத குழந்தைகள் பிறந்தன. உலகெங்கும் பாதிக்கப்பட்ட குழந்தைகள் 10,000-க்கு மேல் என்பது மதிப்பீடு. 1961 நவம்பரில் ஜெர்மனியில் மருந்து திரும்பப் பெறப்பட்டது. அமெரிக்க மருந்து நிர்வாகத்தில் இருந்த பிரான்சிஸ் கெல்சி என்ற அதிகாரி, கொடுத்த ஆதாரம் போதாது என்று அனுமதியை நிறுத்திவைத்ததால் அந்த நாடு பெருமளவு தப்பியது.

கதையை இங்கே நிறுத்தினால் ‘சாபம்’ அணிக்கு வெற்றி. ஆனால் அதே அமெரிக்க மருந்து நிர்வாகம் அதே மருந்துக்கு 1998-ல் அனுமதி தந்தது. தொழுநோயாளிகளுக்கு வரும் ஒரு கடுமையான அழற்சிக்கு அது நன்றாக வேலை செய்தது. 2006-ல் ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கும் அனுமதி கிடைத்தது. கர்ப்பப் பரிசோதனை, கருத்தடை, பதிவேடு என்று நிபந்தனைகள் கெடுபிடியாக இருந்தன. மூலக்கூறில் ஓர் அணுவும் மாறவில்லை. மாறியது யாருக்குத் தருகிறோம், எந்தக் காவலோடு தருகிறோம் என்பது மட்டுமே.

கிரிஸ்பர் என்ற கருவியால் செய்யும் மரபணுத் திருத்தமும் அப்படித்தான். 2018-ல் சீன ஆய்வாளர் ஹே ஜியான்குய், கருவிலேயே மரபணு திருத்தப்பட்ட இரட்டைக் குழந்தைகள் பிறந்ததாக அறிவித்தார். உலகமே கண்டித்தது, அவர் சிறைக்குப் போனார். 2023-ல் அதே கருவியை வைத்து அரிவாள்செல் ரத்தசோகைக்கு உருவான சிகிச்சைக்குப் பிரிட்டன் அனுமதி தந்தது. முதலாவதில் திருத்தம் வம்சம் வழியாக இறங்கும், சம்மதம் சொல்ல வேண்டியவர் இன்னும் பிறக்கவே இல்லை. இரண்டாவதில் ஒரு நோயாளியின் ரத்த அணுக்களோடு அது முடிந்துவிடுகிறது, அவரே கையெழுத்துப் போடுகிறார். இரண்டையும் ‘மரபணுத் திருத்தம்’ என்ற ஒரே மூட்டையில் கட்டி ஆதரிப்பதோ எதிர்ப்பதோ சோம்பேறித்தனம். அந்தச் சிகிச்சைக்கு அமெரிக்காவில் வைத்த விலை 22 லட்சம் டாலர் என்பது தனி விவாதம். அது பாதுகாப்பு பற்றிய கேள்வியே இல்லை, ஆனால் அதைவிடச் சிறிய கேள்வியும் இல்லை.

இப்போதிருப்பதை ஆபத்தில்லாதது என்று எண்ணுவது

புதியதன் ஆபத்தை எண்ணுகிறவர்கள், பழையதன் ஆபத்தை எண்ண மறந்துவிடுகிறார்கள். பழகிப்போனதால் அது கண்ணில் படுவதில்லை.

1920-களில் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிகளில் அம்மோனியா, சல்ஃபர் டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு போன்ற வாயுக்களை நிரப்பினார்கள். கசிந்தால் வீட்டிலிருப்பவர் உயிர் போகும். 1928-ல் தாமஸ் மிட்ஜ்லியின் குழு குளோரோஃபுளோரோகார்பனைக் கொண்டுவந்தது. எரியாது, மூச்சில் போனாலும் நச்சில்லை, எதனோடும் எளிதில் வினைபுரியாது. எதற்குப் பதிலாக வந்தது என்று பார்த்தால் அது சரியான முடிவுதான். 1974-ல் வேதியியலாளர்கள் மோலினாவும் ரோலண்டும் அது மேல் வளிமண்டலத்தில் ஓசோனை அழிக்கும் என்று காட்டினார்கள். 1985-ல் அண்டார்டிகா மேலே ஓசோன் துளை பதிவானது. 1987-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. கிணறு வெட்டப் போய் பூதம் கிளம்பிய கதை அதோடும் முடியவில்லை. மாற்றாக வந்த ஹைட்ரோஃபுளோரோகார்பன்கள் ஓசோனை விட்டுவிட்டு பூமியைச் சூடாக்கின. அவற்றைக் குறைக்க 2016-ல் ருவாண்டாவின் கிகாலியில் அதே மாண்ட்ரியல் ஒப்பந்தத்தைத் திருத்த வேண்டியிருந்தது.

இதிலிருந்து ‘எதையும் தொடாதே’ என்று பாடம் எடுக்கிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் ஒப்பிட வேண்டிய பொருள் வேறு. ஒப்பீட்டை அந்தந்தக் காலத்தில் புதுப்பிக்க யாராவது அளந்துகொண்டே இருக்க வேண்டியிருந்தது. ஓசோனை அளக்க ஆளே இல்லாதிருந்தால் துளை யாருக்கும் தெரிந்திருக்காது.

தானியங்கி கார்கள் விஷயத்தில் இந்தத் தவறு இரண்டு பக்கமும் நடக்கிறது. அப்படி ஒரு கார் ஒருவரை இடித்தால் உலகச் செய்தி. மனிதர்கள் ஓட்டும் வாகனங்களால் ஆண்டுக்குச் சுமார் 11.9 லட்சம் பேர் சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அதில் ஒவ்வொன்றும் செய்தியாவதில்லை. சரி, அதற்காக ‘மனிதனைவிட எங்கள் கார் பாதுகாப்பானது’ என்று ஒரு நிறுவனம் சொன்னால் உடனே நம்பவும் வேண்டாம். எந்த ஊர்ச் சாலை, எந்த நேரம், மழையா வெயிலா, ஒப்பிட்ட மனிதர் சராசரி ஓட்டுநரா குடித்துவிட்டு ஓட்டியவரையும் சேர்த்தா என்று கேட்க வேண்டும்.

தடுப்பு நடவடிக்கைக்கும் விலை உண்டு என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். 2011-ல் ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு மக்களை அவசரமாக வெளியேற்றினார்கள். இடம்பெயர்வின் அலைச்சல், சிகிச்சை தடைபட்டது, மன அழுத்தம் ஆகியவற்றால் அந்த மாகாணத்தில் இறந்தவர்களாக 2,000-க்கும் மேற்பட்டோர் கணக்கில் வந்தார்கள். பெரும்பாலும் முதியவர்கள். வெளியேற்றியதே தவறு என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. ஆனால் ‘பாதுகாப்புப் பக்கம் நின்றால் நஷ்டமில்லை’ என்ற பேச்சு எடுபடாது.

பாதி எண்ணைச் சொல்வது

1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, புதிய வகைக் கருத்தடை மாத்திரைகள் ரத்தக்கட்டு வரும் ஆபத்தை இரட்டிப்பாக்குகின்றன என்று எச்சரித்தது. ‘100 சதவீதம் அதிகம்’ என்றே செய்தி பரவியது. பெண்கள் பலர் மாத்திரையை நிறுத்தினார்கள். நடந்த உயர்வு என்ன தெரியுமா? 7,000 பேரில் ஒருவருக்கு இருந்தது, 7,000 பேரில் இருவருக்கு ஆனது. கர்ப்பம் தரித்தால் ரத்தக்கட்டு வரும் வாய்ப்பு அதைவிடக் கூடுதல். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் சுமார் 13,000 கூடின என்று மதிப்பிட்டார்கள். இரட்டிப்பு என்று சொன்னது பொய்யல்ல. எதிலிருந்து எதற்கு இரட்டிப்பு என்பதைச் சொல்லாமல் விட்டதுதான் சேதத்தைச் செய்தது.

இதன் தம்பி ஒன்று உண்டு. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் பதப்படுத்திய இறைச்சியைப் புகையிலை இருக்கும் அதே முதல் பிரிவில் வைத்தது. உடனே இரண்டும் சமமான ஆபத்து என்று பலர் எழுதினார்கள். அந்தப் பிரிவுகள் ஆதாரம் எவ்வளவு உறுதியானது என்பதைச் சொல்பவை. எவ்வளவு கெடுதல் என்பதை அவை சொல்வதில்லை. செல்போன் கதிர்வீச்சு 2011-ல் ‘2பி’, அதாவது ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற பிரிவுக்குப் போனதையும் இப்படித்தான் தவறாகப் படித்தார்கள். ‘இதனால் புற்றுநோய் வருமா?’ என்பதோடு ‘எவ்வளவு அளவில், எத்தனை பேரில் எத்தனை பேருக்கு?’ என்பதையும் சேர்த்துக் கேட்டால் பாதிப் பீதி அங்கேயே தணியும். நன்மைக்கும் இதே அளவுகோல்தான். ‘மரண வாய்ப்பைப் பாதியாகக் குறைக்கிறது’ என்ற விளம்பரத்திலும் எதிலிருந்து பாதி என்று பாருங்கள்.

‘ஆதாரம் இல்லை’ என்று முடித்துவிடுவது

‘கெடுதல் என்பதற்கு ஆதாரம் இல்லை’ என்ற ஒரே வரிக்குள் இரண்டு வேறு நிலைமைகள் ஒளிந்திருக்கலாம். நன்றாகத் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை என்பது ஒன்று. யாரும் தேடவே இல்லை என்பது இன்னொன்று.

பெட்ரோலில் ஈயம் கலந்த கதையை இதற்காகவே படிக்கலாம். 1921-ல் கண்டுபிடித்தார்கள் (அதே மிட்ஜ்லிதான், ஒரே மனிதரிடமிருந்து இரண்டும் வந்தது விசித்திரம்). 1924-லேயே தயாரிப்பு ஆலையில் தொழிலாளர்கள் இறந்தார்கள். ஈயம் நஞ்சு என்பது அன்றைக்கே பழைய சேதி. ஆனால் தொழில்துறைப் பணத்தில் ஆய்வு நடத்திய ராபர்ட் கெஹோ, பொதுமக்களுக்குக் கெடுதல் என்று நிரூபித்துக் காட்டுங்கள், பிறகு நிறுத்துகிறோம் என்ற நிலையை எடுத்தார். ஆய்வுகளும் பெரும்பாலும் அவர்கள் கையிலேயே இருந்தன. உடலில் கொஞ்சம் ஈயம் இருப்பது இயல்பு என்ற வாதத்தை 1965-ல் கிளேர் பேட்டர்சன் என்ற விஞ்ஞானி உடைத்தார். நாம் இயல்பு என்று நினைக்கிற அளவே மனிதன் உண்டாக்கிய மாசு என்று காட்டினார். கார்களுக்கு ஈயம் கலந்த பெட்ரோல் விற்ற கடைசி நாடான அல்ஜீரியா அதை நிறுத்தியது 2021-ல். கிட்டத்தட்ட 100 ஆண்டுகள்.

ஆக, நிரூபிக்கும் சுமை யார் தலையில், தேடுவதற்குப் பணம் தருவது யார் என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். இதை மறுபக்கமும் பிடித்து இழுக்கக் கூடாது. ‘நூறு சதவீதம் பாதுகாப்பு என்று நிரூபி’ என்றால் எந்தப் பொருளாலும் முடியாது, தண்ணீராலும்தான்.

எதிர்ப்பவருக்கு விஷயம் தெரியாது என்று நினைப்பது

அறிவியல் ஆதரவாளர்கள் அடிக்கடி விழும் குழி இது. எதிர்ப்பவருக்கு இன்னும் கொஞ்சம் விளக்கினால் சரியாகிவிடும் என்று நம்புகிறார்கள். தொழில்நுட்ப வெறுப்புக்கு உதாரணமாக லட்டைட்டுகள் என்ற இங்கிலாந்துத் தொழிலாளர்களை இழுப்பதும் வழக்கம். 1811-ல் நாட்டிங்ஹாம் பகுதியில் பின்னல் தறிகளை உடைத்தவர்கள் அந்தத் தறிகளிலேயே வேலை பார்த்த கைதேர்ந்த பின்னல் தொழிலாளர்கள். அவர்களுக்கு எந்திரம் நன்றாகவே தெரியும். மட்டமான சரக்கைப் பின்னி கூலியைக் குறைக்க அதைப் பயன்படுத்தியதுதான் அவர்கள் புகார். பதிலாகக் கிடைத்தது, தறி உடைத்தால் மரண தண்டனை என்ற 1812-ஆம் ஆண்டுச் சட்டம்.

மரபணு மாற்றுப் பயிர் பற்றிய சண்டைகளில் இதே ஊமைக் கச்சேரி நடக்கிறது. ஒருவர் ‘விதை யார் சொத்து? அடுத்த விதைப்புக்கு நான் யாரிடம் கை நீட்ட வேண்டும்?’ என்று கேட்கிறார். எதிரே இருப்பவர் ‘இதில் நச்சில்லை, சோதித்துவிட்டோம்’ என்கிறார். கேட்டதற்கும் சொன்னதற்கும் சம்பந்தமில்லை. அப்புறம் இருவரும் ஒருவரையொருவர் முட்டாள் என்று நினைத்தபடி கலைகிறார்கள்.

ஆரூடத்தை ஆதாரமாக வைப்பது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1954-ல் அமெரிக்க அணுசக்தி ஆணையத் தலைவர் லூயிஸ் ஸ்ட்ராஸ், மீட்டர் வைக்கவே தேவையில்லாத அளவுக்கு மின்சாரம் மலிவாகும் என்றார். 2016-ல் ஜெஃப்ரி ஹிண்டன், ஸ்கேன் பார்க்கும் ரேடியாலஜி மருத்துவர்களுக்குப் பயிற்சி தருவதை இப்போதே நிறுத்தலாம் என்றார். ஐந்தாண்டுகளில் கணினி அவர்களை மிஞ்சிவிடும் என்பது அவர் கணிப்பு. பல நாடுகளில் இன்றும் அந்த மருத்துவர்களுக்குத் தட்டுப்பாடு. செயற்கை நுண்ணறிவின் அடிப்படையான நியூரல் நெட்வொர்க்கில் ஹிண்டன் முன்னோடி என்பதில் சந்தேகமில்லை. மருத்துவமனையில் ஒரு ரேடியாலஜிஸ்ட்டின் நாள் எப்படிப் போகிறது என்பது வேறு துறை.

அனுமதி அல்லது தடை, நடுவில் ஒன்றுமில்லை என்று பேசுவது

ஒரு தொழில்நுட்பத்தை ஆரம்பத்திலேயே எளிதாக மாற்றலாம், ஆனால் அப்போது அதன் விளைவு தெரியாது. விளைவு தெரியவரும்போது அது எங்கும் பரவி, மாற்றுவது கஷ்டமாகிவிடும். 1980-ல் டேவிட் காலிங்ரிட்ஜ் இந்தச் சிக்கலை எடுத்துவைத்தார். இதற்கு முழுத் தீர்வு கிடையாது. ஆனால் படிப்படியாகப் போகலாம். டி.என்.ஏ.வை ஒட்டி இணைக்கும் ஆய்வு தொடங்கியபோது விஞ்ஞானிகளே 1974-ல் சில சோதனைகளை நிறுத்திவைக்கக் கேட்டார்கள். 1975-ல் கலிஃபோர்னியாவின் அசிலோமாரில் கூடி, ஆபத்துக்கு ஏற்ற பூட்டு என்று விதிகளை வகுத்தார்கள். அனுபவம் கூடக்கூட விதிகள் தளர்ந்தன. 1982-ல் பாக்டீரியாவில் விளைந்த மனித இன்சுலின் மருந்தாக வந்தது. அந்தக் கூட்டத்தைப் புனிதப்படுத்தவும் வேண்டாம். பாதுகாப்பை மட்டும் பேசினார்கள். நெறி, உயிரி ஆயுதம் போன்ற கேள்விகளைப் பெரும்பாலும் ஒதுக்கிவைத்தார்கள்.

படிப்படியாகப் போவதற்கு ஒரு நிபந்தனை உண்டு: பின்வாங்க வழி இருக்க வேண்டும். ‘ஜீன் டிரைவ்’ என்ற நுட்பத்தில் அதுவே சிக்கல். வழக்கமாக ஒரு மரபணு பாதிச் சந்ததிக்குத்தான் போகும். இதில் ஏறக்குறைய எல்லாச் சந்ததிக்கும் போகும்படி செய்கிறார்கள். 2018-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் கூண்டுக்குள் வைத்த மலேரியாக் கொசுக் கூட்டங்கள் 7 முதல் 11 தலைமுறைக்குள் அழிந்தன. மலேரியா ஆண்டுக்குச் சுமார் 6 லட்சம் உயிர்களை எடுக்கிறது, பெரும்பாலும் ஆப்பிரிக்கக் குழந்தைகள். ஆகவே ‘இயற்கையோடு விளையாடாதே’ என்று வெளியே நின்று சொல்வது சுலபம், மலிவும்கூட. ஆனால் ஒரு நாடு அனுமதித்து விட்ட கொசு எல்லை தாண்டும்போது பக்கத்து நாட்டிடம் யார் கேட்டார்கள்? பத்தாண்டு கழித்து வேண்டாம் என்று தோன்றினால் திரும்பப் பிடிப்பது யார்? இதை ஆதரிப்பவர்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். எதிர்ப்பவர், அதுவரை சாகும் குழந்தைகளுக்கு வேறென்ன வைத்திருக்கிறார் என்று சொல்ல வேண்டும்.