கையால் கிளப்பினால் ஓடுகிறது, ரீபூட்டில் விழுகிறது: லினக்ஸ் சேவைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் சாங்கி பிசினஸ் பார்க்கிலும் ஜூரோங்கிலும் சர்வர் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு இரவு 2 மணி பேட்ச் வேலை பழகிப்போனது. ரீபூட் முடிந்ததும் அப்ளிகேஷன் எழவில்லை. உள்ளே போய் ஸ்டார்ட் கொடுத்தால் உடனே எழுகிறது. "இப்ப ஓகே லா" என்று டிக்கெட்டை மூடுவதுதான் முதல் தவறு. அந்த நேரத்தில் நெட்வொர்க்கும் டிஸ்க்கும் டேட்டாபேஸும் ஏற்கெனவே தயாராகிவிட்டன. பூட் ஆகும்போது என்ன நடந்தது என்பதை அந்த ஸ்டார்ட் காட்டவே காட்டாது.

ஒரு சேவையை எப்படிக் கிளப்ப வேண்டும் என்று சொல்லும் யூனிட் கோப்பில் 'ஸ்லீப் 30' போட்டு 30 வினாடி காக்க வைப்பதும் வேண்டாம். டிஸ்க் சோதனை நீளும் நாளில் 30 வினாடி போதாது, மற்ற நாளில் வீண்.

பெரும்பாலான சிக்கலின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. லினக்ஸில் சேவைகளைக் கிளப்பி நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் (systemd) 'ரிக்வயர்ஸ்' (Requires) என்பது தேவை, 'ஆஃப்டர்' (After) என்பது வரிசை. ரிக்வயர்ஸ் மட்டும் எழுதினால் டேட்டாபேஸும் அப்ளிகேஷனும் ஒரே நேரத்தில் கிளம்பும். ஆஃப்டர் மட்டும் எழுதினால், டேட்டாபேஸை வேறு எதுவும் கிளப்பாதபோது அது கிளம்பவே கிளம்பாது. இரண்டு வரியும் வேண்டும். ரிக்வயர்ஸ் போட்டால் டேட்டாபேஸை நிறுத்தும்போது அப்ளிகேஷனும் கூடவே நிற்கும். தானாக மறுபடி இணையத் தெரிந்த அப்ளிகேஷனுக்கு, கட்டாயமில்லாத தேவையான 'வான்ட்ஸ்' (Wants) போதும் என்பேன்.

வரிசை சரியாக இருந்தும் விழலாம். யூனிட் கோப்பில் சேவையின் டைப் 'சிம்பிள்' என்றால் புராசஸ் கிளம்பிய கணமே சேவை தொடங்கிவிட்டதாக சிஸ்டம்டி எடுத்துக்கொள்ளும். போர்ட் திறந்ததா என்று பார்க்காது. மென்பொருள் ஆதரித்தால் 'நோட்டிஃபை' வையுங்கள், தயாரானதும் சேவையே சொல்லும்.

பூட்டில் ஒரு கட்டம் வந்துவிட்டதைக் குறிப்பது டார்கெட். அதில் 'நெட்வொர்க் டார்கெட்'டை நம்பி ஏமாறுபவர்கள் ஏராளம். அது வந்துவிட்டதால் ஐபி முகவரி கிடைத்துவிட்டது என்று ஆகாது. 'நெட்வொர்க்-ஆன்லைன் டார்கெட்'டை வான்ட்ஸிலும் ஆஃப்டரிலும் எழுதுங்கள். அதற்காகக் காத்திருக்கும் 'வெயிட்-ஆன்லைன்' சேவை இயக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்போதும் வேறு சர்வரில் உள்ள டேட்டாபேஸ் எழுந்துவிட்டதா என்று அதற்குத் தெரியாது. அதனால் விழுந்த சேவையை மறுபடி கிளப்பும் 'ரீஸ்டார்ட்' வரி தேவை, கூடவே அதற்கான இடைவெளியாக 'ரீஸ்டார்ட்செக்' (RestartSec) 5 அல்லது 10 வினாடி. இதை விட்டால் இயல்பான இடைவெளி 100 மில்லிவினாடிதான். உடனே விழும் சேவை 10 வினாடிக்கு 5 முறை என்ற வரம்பைக் கண்மூடித் திறப்பதற்குள் தொட்டுவிடும், சிஸ்டம்டியும் கைவிட்டுவிடும்.

லாக் படிக்கும்போது நேரத்தைக் கவனியுங்கள். சர்வர் உலகப் பொது நேரமான யூடிசியில் இருந்தால் நம் இரவு 2 மணி அங்கே முந்தைய நாள் 18:00. சிஸ்டம்டியின் லாக் பதிவேடான ஜர்னலை அந்த ஒரு பூட்டுக்கு மட்டும் வடிகட்டிப் பார்த்தால் இந்தக் குழப்பம் வராது.

யூஎஸ்ஆர் (/usr) அடைவில் உள்ள யூனிட் கோப்பை நேரடியாகத் திருத்தாதீர்கள், அடுத்த அப்டேட் அதை அழித்துவிடும். 'சிஸ்டம்சிடிஎல் எடிட்' (systemctl edit) கட்டளை மூலம் தனிக் கோப்பாக வையுங்கள்.

கண்ட இடத்திலெல்லாம் ஆஃப்டர் சேர்ப்பதும் ஆபத்து. 'அ' வுக்குப் பின் 'ஆ', 'ஆ' வுக்குப் பின் 'அ' என்று சுற்றிக்கொண்டால், சுற்றை உடைக்க சிஸ்டம்டி ஏதோ ஒரு சேவையின் தொடக்கத்தையே நீக்கிவிடும். அந்தச் சேவை ஓடியே இருக்காது, அதனால் அது எழுதிய லாக் எதுவும் இருக்காது. முழு பூட் ஜர்னலில் 'ஆர்டரிங் சைக்கிள்' (ordering cycle) என்று தேடினால் பிடிபடும்.