காண்டாமிருக வண்டை ஊசியில் குத்திப் பாதுகாப்பது எப்படி?

அருங்காட்சியகப் பெட்டிகளில் ஊசியில் வரிசையாக நிற்குமே வண்டுகள், அப்படி ஒன்றை வீட்டிலேயே தயார் செய்யலாம். முதல்முறை செய்பவர்கள் தென்னையின் காண்டாமிருக வண்டை எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பு பெரிது, ஓடு கெட்டி. தென்னைக்குப் பகை என்பதால் தோப்புகளில் வாசனையால் வண்டை இழுக்கும் கவர்ச்சிப் பொறி வைத்துப் பிடிக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். கண்ணில் படும் வண்ணத்துப்பூச்சியையெல்லாம் பிடிக்க வேண்டாம், வனவிலங்குச் சட்டம் பல இனங்களைப் பாதுகாக்கிறது.

உயிரோடு இருந்தால் டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் இரண்டு நாள் வையுங்கள். செத்துக் காய்ந்து விறைத்த வண்டா? மூடியுள்ள டப்பாவில் ஈரத்துணி விரித்து, அதன்மேல் ஒரு சின்னத் தட்டில் வையுங்கள். ஓரிரு நாளில் கால்கள் வளைந்துகொடுக்கும். அதற்கு மேல் விட்டால் பூஞ்சை பிடிக்கும்.

ஊசிக்குக் கஞ்சத்தனம் கூடாது. பூச்சிகளுக்கென்றே விற்கும் துருப்பிடிக்காத எஃகு ஊசி, 3-ஆம் எண் போதும். முதுகின் நடுவே குத்தாதீர்கள். முதுகை மூடியிருக்கும் இரண்டு கெட்டிச் சிறகோடுகளில் வலது சிறகோட்டின் முன்பகுதியில், நடுக்கோட்டுக்குச் சற்றுத் தள்ளிக் குத்துங்கள். வண்டுகளுக்கு உலகம் முழுக்க இதுதான் வழக்கம். வலப்பக்கம் துளைபட்டாலும் இடப்பக்கம் முழுசாக இருக்கும், ஆராய்பவருக்கு அது போதும். ஊசி செங்குத்தாக, கால்களில் படாமல் இறங்கட்டும். பிடித்துத் தூக்க மேலே ஒரு செ.மீ. விடுங்கள்.

அப்புறம் தெர்மகோலில் நிறுத்தி, கால்களுக்குக் குண்டூசியால் முட்டுக்கொடுத்து, நிழலில் இரண்டு மூன்று வாரம் காயவிடுங்கள். எறும்பு ஏறாதிருக்கத் தண்ணீர்த் தட்டின் நடுவே வையுங்கள்.

இனி வண்டின் விவரம் எழுதும் சீட்டு. இதில் மட்டும் சோம்பல் வேண்டாம். சீட்டில்லாத வண்டு பார்க்க அழகாக இருக்கும், ஆராய்ச்சிக்கு உதவாது. 1832-இல் அர்ஜென்டினாவில் டார்வின் பிடித்த ஒரு வண்டு, 2014-இல்தான் புதிய இனம் என்று பெயர் பெற்றது. அத்தனை காலம் கழித்து வருபவருக்கு அது எங்கே கிடைத்தது என்று சீட்டைத் தவிர வேறு யார் சொல்ல முடியும்? கெட்டித் தாளில், ஈரத்தில் கலையாத மையால், பொடி எழுத்தில் இப்படி எழுதி, வண்டுக்குக் கீழே அதே ஊசியில் கோத்துவிடுங்கள்:

தமிழ்நாடு, பொள்ளாச்சி
தென்னந்தோப்பு, கவர்ச்சிப் பொறி
5 ஜூன் 2025
பிடித்தவர்: உங்கள் பெயர்

மாதத்தை எழுத்தில்தான் எழுத வேண்டும். 5/6 என்றால் ஜூன் 5-ஆ, மே 6-ஆ என்று பின்னால் வருபவர் குழம்புவார்.

இறுக மூடும் பெட்டியில் வைத்து, மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். வண்டுக்கு அடியில் பொடி உதிர்ந்திருந்தால் காய்ந்த பூச்சிகளைத் தின்னும் புழு உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம். பெட்டியைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப்புகாமல் கட்டி இரண்டு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையை உடனே பிரிக்காமல் ஒரு நாள் விடுங்கள், இல்லாவிட்டால் வண்டின்மேல் ஈரம் கோத்துக்கொள்ளும்.