லயத்து ஜெபக் குழுவை மறுபடி தொடங்குவது எப்படி

கேரளத்தின் மூணாறு, தேவிகுளம், பீர்மேடு தேயிலைத் தோட்டப் பக்கத்துச் சி.எஸ்.ஐ. (தென்னிந்திய திருச்சபை) சபைகள் பலவற்றில் ஞாயிறு ஆராதனை முறையாக நடக்கிறது. அது முடிந்தால் அடுத்த ஞாயிறு வரை சபையார் ஒருவரையொருவர் விசாரிப்பதில்லை. ஒரே ஆயர் பல ஆலயங்களைப் பார்க்கும் சேகரத்தில் இந்த இடைவெளியை அவர் தனியாக நிரப்ப முடியாது. லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வார நடுவில் கூடும் சிறு ஜெபக் குழுக்களால் சபையார்தான் நிரப்ப வேண்டும்.

ஒரு குழுவுக்கு 12 பேர் போதும். 1742-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில், மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி தம் மக்களைச் சிறு குழுக்களாகப் பிரித்ததும் ஏறக்குறைய இதே அளவில்தான். அவர் சாகும்வரை ஆங்கிலிக்கன் குருவானவர்; ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு மரபுகள் இரண்டும் 1947-ல் தென்னிந்திய திருச்சபையில் சேர்ந்தன. ஆகவே இது நமக்கு அந்நியமான வழக்கம் அல்ல.

புதன் இரவு 7 மணிக்குத் தொடங்குங்கள். கொழுந்து எடுத்து வந்த பெண்கள் சமையல் முடிக்க அவ்வளவு நேரம் வேண்டும். 7.45-க்குக் கட்டாயம் முடியுங்கள். ஒரு கீர்த்தனை, இரு பக்கமாக மாறிமாறி வாசிக்கும் ஒரு சங்கீதம், வரும் ஞாயிற்றின் சுவிசேஷ பாகம், இரண்டு நிமிட அமைதி. பிறகு ஆளுக்கு ஒரு விண்ணப்பம், கர்த்தருடைய ஜெபம். ஞாயிறு பாகத்தை முன்கூட்டியே வாசித்தவர்கள் பிரசங்கத்தை வேறு விதமாகக் கேட்பார்கள்.

குழு கெடுவது பெரும்பாலும் மூன்று வழிகளில். யாராவது பிரசங்கம் பண்ணத் தொடங்குவார். ஒரு வீட்டில் வடை போட்டால் அடுத்த வீட்டுக்காரர் கடன் வாங்கிப் போடுவார். கட்டன் சாயாவுக்கு மேல் வேண்டாம். மூன்றாவதுதான் மோசம்: குடியைப் பற்றியும் கடனைப் பற்றியும் ஒருவர் அழுது சொன்னது மறுநாள் கொழுந்துக் காட்டில் பேச்சாகிவிடும். அப்படி ஒரு முறை நடந்தாலே குழு வாய் திறக்காது. பெயர் சொல்லாமல் ஜெபிக்கலாம் என்று முதல் நாளே சொல்லுங்கள். காணிக்கையும் கமிட்டித் தேர்தல் பேச்சும் கூடவே கூடாது.

மலையாளம், ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகள் தமிழ் வேதாகமத்தை வாசிக்கத் திணறுவார்கள். ஒரு வசனத்தைப் பெரியவர் சொல்ல, திருப்பிச் சொல்லட்டும். எல்லார் முன்னும் திருத்தினால் அடுத்த வாரம் வரமாட்டார்கள்.

நடத்துபவர் ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைக் காலி செய்து தென்காசிப் பக்கம் போய்விடுவார். குழுவும் அதோடு நிற்கும். தொடக்கத்திலேயே இளையவர் ஒருவரைத் துணைக்கு வைத்து, மாதம் ஒருமுறை அவரையே நடத்தச் சொல்லுங்கள்.

சனிக்கிழமைக்குள் நோயாளிகள், வராதவர்கள் பெயரை, அவர்கள் சம்மதித்தால், ஆயருக்கோ அவருக்கு உதவும் உபதேசியாருக்கோ கொடுங்கள். ஞாயிறு மன்றாட்டில் அந்தப் பெயர்கள் வரட்டும். படுக்கையில் இருப்பவருக்குத் திருவிருந்து வீட்டுக்கே போகட்டும்.

ஒரே லயத்து வரிசைக்குள் குழுவை வையுங்கள். யானை நடமாட்டம் இருக்கும் இரவில் யாரும் வெளியே வரவேண்டாம். அதே சங்கீதத்தை அதே 7 மணிக்கு அவரவர் வீட்டில் வாசித்தால் போதும்.