பலெர்மோவுக்கு ரயிலில் வருகிறவர்கள் பெட்டி எண்ணை மறக்காதீர்கள்

ரோமில் இருந்து பலெர்மோவுக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான். ஆனால் சட்டி பானையோடு குடிவருகிறவருக்கு இரவு ரயில்தான் தோது. பைகளை யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. பன்னிரண்டு மணி நேரம் போல ஆகும்.

பலெர்மோ இருக்கும் சிசிலித் தீவுக்குப் பாலம் கிடையாது. இக்கரையில் வில்லா சான் ஜொவான்னியில் ரயிலைத் துண்டு துண்டாகப் பிரித்து அப்படியே கப்பலுக்குள் ஏற்றுவார்கள். நீங்கள் மேல்தளத்துக்குப் போய்க் கோப்பி குடிக்கலாம், கடல் பார்க்கலாம். போகுமுன் பெட்டி எண்ணைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அக்கரையில் மெசினாவில் ரயிலின் ஒரு பாதி பலெர்மோவுக்கும் மறுபாதி சிரக்கூசாவுக்கும் பிரிந்து போகும். முதல் தடவை நான் அவசரத்தில் சிரக்கூசாப் பெட்டிக்குள் ஏறிவிட்டேன். பக்கத்தில் இருந்த கிழவி என் ரிக்கெட்டைப் பார்த்துக் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். இல்லாவிட்டால் தீவின் மறுகரைதான்.

விமானத்தில் வந்தால் புந்தா ரைசி விமான நிலையத்திலேயே ரயில் உண்டு, நகரத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். எல்லாரும் பெரிய நிலையமான சென்ட்ராலே வரை போவார்கள். வீடு நொதார்பார்தொலோ பக்கம் என்றால் அதற்கு முன்பே அங்கே இறங்கிவிடலாம்.

இந்த உள்ளூர் ரயில்களில் கடதாசி ரிக்கெட் வாங்கினால், ஏறுமுன் மேடையில் இருக்கும் சிறு இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். கைபேசி ரிக்கெட் என்றால் செக்-இன் செய்ய வேண்டும். காசு கொடுத்து வாங்கியிருந்தும் இதை மறந்து தண்டம் கட்டியவர்கள் நம்மில் நிறையப் பேர்.

நிலையத்து அறிவிப்புப் பலகையில் 'ரிதார்தோ' என்றால் தாமதம், 'சொப்ரெஸ்ஸோ' என்றால் ரயிலே இல்லை. 'ஷோபெரோ' என்று கேட்டால் வேலைநிறுத்தம். அதுவும் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பார்த்துத்தான் வரும்! வேலைநிறுத்தம் என்றாலும் வேலை நாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை குறிப்பிட்ட உள்ளூர் ரயில்கள் கட்டாயம் ஓடும். வேலைக்குப் போகிறவர்கள் அந்த நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சென்ட்ராலேயில் இறங்கினால் பல்லாரோ சந்தை நடை தூரம்தான். பஸ் ரிக்கெட்டை 'T' எழுத்துப் போட்ட புகையிலைக் கடையில் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். அப்புறம், ஞாயிற்றுக்கிழமை பெல்லெக்ரினோ மலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். அங்கே இருக்கும் புனித ரொசாலியா (சாந்தா ரொசாலியா) கோவிலுக்குப் போகிற தமிழ்ச் சனத்தில், சைவரும் கத்தோலிக்கருமாக, வீடு வேலை விசாரிக்க யாராவது கிடைப்பார்கள்.